ஓட்டிப் பார்க்காமல் எழுதிய ஒரு வரி

பைத்தான் 3.10-ல் என் பேக்கேஜ் ஓடாது என்று 2021 டிசம்பரில் எழுதி வெளியிட்டேன். அது ஓடும். அன்றைக்கே ஓடியிருக்கும், அதற்காக நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஓட்டிப் பார்க்காமலே ஓடாது என்று எழுதினேன். அந்த ஒரு வரியால் சிலருடைய கணக்கு தப்பாகப் போனது. தப்பாகப் போகிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாதபடி போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கேஜ் சிறியது. பழைய தமிழ் எண்களையும் பின்னங்களையும் இன்றைய எண்ணாக மாற்றித் தரும். ௨௲௩௱௪௰௫ என்று கொடுத்தால் 2345 என்று சொல்லும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று எல்லாவற்றையும் கூட்டித் தரும். கல்வெட்டு படிப்பவர்கள், ஓலைச்சுவடிக் கணக்குகளைத் தட்டச்சு செய்பவர்கள், பழைய நிலக்கணக்கு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டம் அதைப் பயன்படுத்துகிறது. பகலில் அலுவலக வேலை, இரவில் இது. சம்பளம் இல்லாத வேலை என்பதை ஒரு சாக்காகச் சொல்ல மாட்டேன். யாரும் கேட்டு நான் இதை வெளியிடவில்லை; நானாகத்தான் "எடுத்துக்கொள்ளுங்கள், நம்பிப் பயன்படுத்துங்கள்" என்று வைத்தேன்.

இந்தப் பேக்கேஜ் பிறந்ததே ஒரு புதுப் பைத்தான் பதிப்பால்தான். 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0-ல் தமிழுக்கென்று ஒரு துணைத் தொகுதி சேர்ந்தது. மொத்தம் 51 குறியீடுகள். முந்திரி, அரைக்காணி, மா போன்ற பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு போன்ற முகத்தலளவைகள், காசு, பணம், வராகன், வேலி எல்லாம் அதில் வந்தன. யூனிகோடு அட்டவணையின் ஒரு பிரதி பைத்தானுக்குள்ளேயே இருக்கும். ஒரு குறியைக் கொடுத்து அதன் பெயர் என்ன, எண்மதிப்பு என்ன என்று கேட்கலாம். பைத்தான் 3.7-க்குள் இருந்தது யூனிகோடு 11.0. முந்திரிக் குறியைக் கொடுத்து மதிப்பைக் கேட்டால் அது எர்ரர் காட்டி நின்றுவிடும். 3.8-ல் 12.1 வந்தது. அதே கேள்விக்கு 0.003125 என்று பதில் வந்தது. முந்நூற்றிருபதில் ஒன்று.

அந்தப் பதிலைத் திரையில் பார்த்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. 2019 அக்டோபரில் 3.8 வெளிவரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் முன்னோட்டப் பதிப்பையே இறக்கி ஓட்டியவன் நான். அலுவலகத்தில் அப்போது 3.6 தான். மற்ற பேக்கேஜுகள் 3.8-க்கு வரட்டும் என்று ஒவ்வொன்றின் பக்கத்தையும் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு புதுப் பதிப்புக்காகக் காத்திருப்பவனின் நிலை எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவன் செய்தது என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்கவில்லை.

பைத்தானின் புதுப் பதிப்பு திடீரென்று வந்து விழுவதில்லை. 3.9-லிருந்து வருடத்துக்கு ஒன்று, அக்டோபரில், என்று முறை வைத்துவிட்டார்கள். மே மாத வாக்கில் முதல் பீட்டா. அதன்பிறகு புது வசதிகள் சேராது, பிழைதிருத்தம் மட்டும். ஆகஸ்டு வாக்கில் வெளியீட்டு வேட்பாளர் என்று சொல்லப்படும் ஆர்சி. அக்டோபரில் ரிலீஸ். தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும். பீட்டா காலத்தில் வெளிப் பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓட்டிப் பார்த்து உடைவதைச் சொல்லுங்கள் என்று அறிவிப்புக்கு அறிவிப்பு கேட்டுக்கொள்வார்கள். ஃபெடோரா லினக்ஸில் பைத்தானைப் பார்த்துக்கொள்ளும் குழுவினர் இன்னும் முன்னால் போய், ஆல்ஃபா நிலையிலேயே தங்களிடமுள்ள பேக்கேஜுகளைப் புதுப் பதிப்பில் கட்டிப் பார்த்து, உடைந்தவற்றை எழுதியவர்களுக்குத் தெரிவிக்கிறார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு வேலை செய்தபிறகு என்னைப் போன்றவனிடம் எதிர்பார்க்கப்படுவது மிகச் சின்ன விஷயம். தானியங்கி டெஸ்ட் எந்தெந்தப் பைத்தான் பதிப்புகளில் ஓட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் மே மாதத்தில் ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டும்.

2021 மே போனது, ஆகஸ்டு போனது, அக்டோபர் 4 அன்று 3.10 வெளிவந்தது. நான் சேர்க்கவில்லை. டிசம்பரில் ஒரு ரிலீஸ் விட வேண்டிய அவசரத்தில்தான் சேர்த்தேன்.

அந்தப் பட்டியல் யாம்ல் என்ற அமைப்பில் எழுதப்பட்ட கோப்பில் இருக்கும். யாம்லில் மேற்கோள்குறி இல்லாமல் 3.8 என்று எழுதினால் அது சொல் இல்லை, எண். தசம எண் 3.8. 3.9 என்றாலும் அப்படியே. அதுவரை அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, ஏனென்றால் எண்ணாகப் படித்துத் திருப்பி எழுதினாலும் 3.9 என்பது 3.9 தான். 3.10 என்று எழுதினால்? தசம எண்ணில் கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. யாம்ல் அதை 3.1 என்று படிக்கும். டெஸ்ட் ஓட்டும் இயந்திரம் பைத்தான் 3.1-ஐத் தேடிப் போகும். அது 2009-ல் வந்த பதிப்பு, எங்கே கிடைக்கும்? சிவப்பு விழுந்தது. "3.1 என்ற பதிப்பு கிடைக்கவில்லை" என்று எர்ரர் தெளிவாகச் சொன்னது.

நான் அதை 3.10 என்று படித்தேன். என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. இந்த இயந்திரங்களில் 3.10 இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அது வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அதில் டெஸ்ட் ஓட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பூஜ்யம் விழுங்கப்படும் கதையும் அதற்குள் பைத்தான் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. முன்பே எச்சரித்து எழுதியிருந்தார்கள். பதிப்பு எண்ணின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கும் நிரல்களும் இதே இடத்தில்தான் விழுந்தன; 3.10-ல் அப்படி வெட்டினால் 3.1 தான் கையில் வரும். ஒரு தேடல் போதுமானதாக இருந்தது. நான் தேடவில்லை. எர்ரரின் இரண்டாவது வரியைக்கூடப் படிக்கவில்லை.

அவசரத்துக்குக் காரணம் ஒரு நல்ல திருத்தம். அதை விளக்கினால்தான் பின்னால் நடந்தது புரியும். தமிழ்ப் பின்னங்களில் கீழ் என்று ஒன்று உண்டு. அது தனியாக ஒரு பின்னம் இல்லை. தனக்குப் பின்னால் வருவதை முந்நூற்றிருபதால் வகுக்கச் சொல்லும் குறி. அரை என்றால் இரண்டில் ஒன்று. கீழரை என்றால் அந்த அரையில் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 640-ல் ஒன்று. கீழ் முந்திரி என்றால் 1,02,400-ல் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலத்தை இந்த நுணுக்கம்வரை இறங்கி அளந்து பதிந்திருக்கிறார்கள். என் பேக்கேஜின் பழைய ரிலீஸ் இந்தக் கீழ் குறியையும் ஒரு சாதாரணப் பின்னமாக நினைத்து மற்றவற்றோடு கூட்டிவிட்டது. வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டல். அதைக் கண்டுபிடித்து, சரிசெய்து, அதற்கான டெஸ்ட்களும் எழுதி வைத்திருந்தேன். தவறான கணக்கு ஒன்று மக்கள் கையில் இருக்கிறது, சீக்கிரம் திருத்தத்தை வெளியிட வேண்டும் என்ற எண்ணம் நேர்மையானதுதான். அந்த நேரத்தில் குறுக்கே நின்ற சிவப்பைத் தாண்டிப் போக நான் எடுத்த வழிதான் நேர்மையில்லாதது.

பட்டியலிலிருந்து 3.10-ஐ எடுத்தேன். எடுத்ததும் எல்லாம் பச்சை. அதோடு விட்டிருந்தால்கூடப் பெரிய சேதம் இல்லை. சோதிக்காத பதிப்பில் யாராவது ஓட்டி ஏதாவது ஆனால் என் மேல் குறை வருமே என்று தோன்றியது. பேக்கேஜ் எந்தப் பைத்தான்களில் ஓடும் என்று அறிவிக்கும் வரி ஒன்று இருக்கிறது. அதில் "3.8-ம் அதற்கு மேலும்" என்றிருந்ததை "3.8 முதல், 3.10-க்குக் கீழ்" என்று மாற்றினேன். ரிலீஸ் குறிப்பில் "3.10-க்கான சோதனை நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதினேன். ஒரு சோதனையும் நடந்துகொண்டிருக்கவில்லை. அது பொய். தெரிந்தே எழுதிய பொய் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மேல்வரம்பு போட்டதற்கு எச்சரிக்கை, பொறுப்பு என்றெல்லாம் அப்போது எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் நான் விரும்பியது, புதுப் பதிப்பில் இருப்பவர்கள் என் கதவைத் தட்டக் கூடாது என்பதுதான்.

தட்டினார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். "அண்ணா, என் லேப்டாப்பில் 3.10 இருக்கிறது, எப்போது ஆதரவு வரும்?" என்று கேள்வி. 3.9-ஐப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதி அந்த இஷ்யூவை மூடினேன். ஒரு வரிப் பதில். இரண்டு வருடத்துக்கு முன் 3.8-க்காகத் தவம் கிடந்த எனக்கு யாராவது அப்படி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அவர் அத்தோடு போகவில்லை. சில நாள் கழித்து ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார். திறந்து பார்த்தேன். பட்டியலில் இருந்த எண்கள் ஒவ்வொன்றையும் மேற்கோள்குறிக்குள் போட்டிருந்தார், கடைசியில் 3.10-ஐச் சேர்த்திருந்தார், அதுவும் மேற்கோள்குறிக்குள். அவ்வளவுதான் மாற்றம். விளக்கம் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார், விஷயம் தெரிந்த யாருக்கும் பார்த்தவுடன் புரியும். நான் அதை அழகுக்காகச் செய்த மாற்றம் என்று நினைத்தேன். தன் பெயரில் ஒரு பங்களிப்பு இருக்க வேண்டும் என்பதற்காகக் காற்புள்ளி, அரைப்புள்ளி மாற்றி அனுப்புபவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் என்று ஒதுக்கினேன். முதல்முறை பங்களிப்பவர் அனுப்பும் மாற்றத்தில் டெஸ்ட் தானாக ஓடாது. பேக்கேஜின் சொந்தக்காரர் வந்து அனுமதிப் பொத்தானை அழுத்த வேண்டும். கிட்ஹப்பில் 2021-லிருந்து அப்படி. அந்தப் பொத்தான் என் திரையில் இருந்தது. அழுத்தியிருந்தால் சில நிமிடங்களில் 3.10-ல் எல்லா டெஸ்ட்டும் பச்சை விழுந்திருக்கும். அழுத்தவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்தது. அதில் இயல்பாகவே இருக்கும் பைத்தான் 3.10 தான். அதுவரை ஆர்வலர்கள் மட்டும் தேடிப் போட்டுக்கொண்ட பதிப்பு, புது உபுண்டு நிறுவுகிற எல்லோர் கணினிக்கும் வந்துவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர். கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து கோயில் நிலங்களின் கணக்கை எடுத்து அட்டவணைப்படுத்திக்கொண்டிருந்தார். பேரன் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறான். தமிழ்ப் பின்னங்களுக்கான நோட்டோ எழுத்துருவை நிறுவி, குறிகளை ஒவ்வொன்றாக உள்ளிட்டு, என் பேக்கேஜைக் கொண்டு எண்ணாக மாற்றியிருக்கிறார். கல்வெட்டில் தனித்தனி நிலங்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஆக மொத்தம் நிலம் இவ்வளவு என்று கூட்டுத்தொகையும் சொல்வது வழக்கம். அவர் கூட்டிய தொகை கல்வெட்டின் தொகையோடு சேரவில்லை. "தம்பி, பலமுறை சரிபார்த்துவிட்டேன். அச்சுத் தொகுதியில் பிழையோ, இல்லை எனக்குத்தான் வயதாகி எழுத்து மயங்குகிறதோ தெரியவில்லை. உங்கள் நிரலில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வரிகளை நான் சரியாக வாசித்திருக்கிறேனா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று எழுதியிருந்தார்.

உங்கள் நிரலில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. கீழ் பிழையைத்தான் திருத்திவிட்டோமே என்ற தெம்பில், அவர் அனுப்பிய தாளைத் திறந்தேன். அதில் ஒரு வரி: இரண்டு வேலி, மூன்று மா, முக்காணி, கீழரை. கையால் போட்டுப் பார்த்தேன். 2, அதோடு 0.15, அதோடு 0.0375, அதோடு 640-ல் ஒன்று. மொத்தம் 2.1890625. அவர் தாளில் இருந்தது 2.690625. கீழ் குறிக்கு 0.003125, அரைக்கு 0.5 என்று இரண்டையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறது. பழைய பிழை, அச்சு அசலாக.

ஒரு வேலி என்பது சுமார் ஆறரை ஏக்கர். கீழரை வேலி என்பது ஏறக்குறைய ஒரு சென்ட் நிலம். ஒரு சென்ட்டை என் நிரல் மூன்று ஏக்கருக்கு மேல் ஆக்கியிருந்தது. அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

எந்த ரிலீஸ் வைத்திருக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். நான் திருத்தியதற்கு முந்தைய ரிலீஸின் எண்ணைச் சொன்னார். போன வாரம்தான் நிறுவினேன் என்றும் சொன்னார். போன வாரம் நிறுவியவருக்கு எட்டு மாதத்துக்கு முந்தைய ரிலீஸைக் கைவிட்டு இன்னும் பழையது எப்படிப் போனது? என் கணினியில் புதிதாக ஒரு 3.10 சூழலை உருவாக்கி, அவர் செய்ததை அப்படியே செய்தேன். பிப் இன்ஸ்டால். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று வந்தது. எண்ணைப் பார்த்தேன். பழையது.

பிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஒரு பேக்கேஜை நிறுவச் சொன்னால் பிப் முதலில் மிகப் புதிய ரிலீஸைப் பார்க்கும். இந்தப் பைத்தானுக்கு இது ஆகாது என்று அதில் எழுதியிருந்தால், பேசாமல் அதை விட்டுவிட்டு அதற்கு முந்தையதைப் பார்க்கும். அதுவும் ஆகாது என்றால் அதற்கும் முந்தையது. ஆகும் என்று சொல்கிற முதல் ரிலீஸை எடுத்துப் போட்டுவிடும். என் புது ரிலீஸ் "3.10-க்குக் கீழ்" என்றது. முந்தையது "3.8-ம் அதற்கு மேலும்" என்றது. 3.10 அதற்கு மேல்தானே? எடுத்துப் போட்டுவிட்டது. புதுப் பதிப்பில் இருப்பவர்களை நான் வெளியே நிறுத்தவில்லை; பிழையுள்ள ரிலீஸுக்கு அனுப்பி வைத்திருந்தேன். திருத்தமும் மேல்வரம்பும் ஒரே ரிலீஸில் போனதால், எவருக்கு வரம்பு பொருந்தியதோ அவர் ஒருவருக்குக்கூடத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

இந்த ஏற்பாடு நல்ல நோக்கத்துக்காக வந்தது. பைத்தான் 2-ஐப் பேக்கேஜுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட காலத்தில், பழைய பைத்தானில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் புது ரிலீஸ் போய் உடையாமல், தங்களுக்குப் பொருந்தும் கடைசி ரிலீஸ் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. 2016-ல் வந்த பிப் 9 இதைப் புரிந்துகொண்டது. 2017-ல் ஐபைத்தான் 6.0 பைத்தான் 2-ஐ விட்டபோது அதன் குழுவினர் இதை நம்பித்தான் விட்டார்கள். பின்னால் இருப்பவர்களுக்குப் பழையதைக் கொடுப்பதற்கென்று கட்டிய வழி. முன்னால் போனவர்களை மறிக்க அதைப் பயன்படுத்தினால், அவர்களுக்கும் பழையதைத்தான் கொடுக்கும். வேறு எதைக் கொடுக்கும்?

மேல்வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்பா போன்ற பேக்கேஜுகள் பைத்தானின் பைட்கோடையே படித்து வேலை செய்பவை. ஒவ்வொரு புதுப் பதிப்பும் அவர்களுக்கு மாதக்கணக்கில் உண்மையான வேலை வைக்கும். வேலை முடியும்வரை இதில் ஓடாது என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. சோதித்துத் தெரிந்துகொண்டு சொல்கிறார்கள். என்னிடம் இருந்தது ஓர் அட்டவணையும் கூட்டல் கழித்தலும். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அன்றிரவு அந்த மாணவியின் புல் ரிக்வெஸ்ட்டைத் தேடி எடுத்து அனுமதிப் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் பச்சை. நிரலில் எந்த மாற்றமும் இல்லாமல். மெர்ஜ் செய்தேன். மேல்வரம்பை எடுத்துவிட்டுப் புது ரிலீஸ் விட்டேன். வெளியான ரிலீஸ் ஒன்றின் அறிவிப்பு வரியைப் பின்னால் போய்த் திருத்த முடியாது. ஆனால் பேக்கேஜுகள் வெளியாகும் தளமான பைபிஐயில் அதைத் திரும்பப் பெற்றதாகக் குறிக்கலாம். அப்படிக் குறித்தால் பிப் தானாக அதை எடுக்காது; இந்த எண்தான் வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும், எச்சரிக்கையோடு கொடுக்கும். கீழ் பிழை இருந்த எல்லா ரிலீஸையும் அப்படிக் குறித்தேன். அதை முதல் திருத்தத்தின்போதே செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் மேல்வரம்பு போட்ட தவறுகூட இவ்வளவு தூரம் போயிருக்காது: 3.10-காரர்களுக்கு எதுவுமே நிறுவப்படாமல் எர்ரர் வந்திருக்கும், என்னைத் திட்டியிருப்பார்கள், எனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

ஆசிரியருக்கு எழுதினேன். உங்கள் வாசிப்பு சரி ஐயா, கல்வெட்டும் சரி, தப்பு என்னுடையது என்று. எப்படி நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அவர் கோபிக்கவில்லை. புது ரிலீஸில் மறுபடி ஓட்டி, மொத்தம் சேர்ந்துவிட்டது என்று சொன்னார். அதோடு, கூட்டுத்தொகை இல்லாத கல்வெட்டுகளும் நிறைய இருக்கின்றனவே, அவற்றில் தப்பு இருந்தால் தெரிந்திருக்காதே என்றும் எழுதியிருந்தார். குறை சொல்வதற்காக எழுதவில்லை, கணக்காசிரியராக எழுதினார். அந்த வாக்கியம் என்னை இன்னும் விடவில்லை.

இதற்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், பாதிதான்.

அடுத்த பைத்தான் பதிப்பின் முன்னோட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறை தானாக டெஸ்ட் ஓடும்படி ஏற்பாடு செய்தேன். 3.11 அப்படித்தான் ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தது. அதன்பின் பேக்கேஜில் நான் வேலை எதுவும் செய்யாமல் மாதங்கள் போயின. பொதுவில் இருக்கும் ஒரு ரெப்போவில் அறுபது நாள் எந்த அசைவும் இல்லை என்றால் கிட்ஹப் இந்த மாதிரி காலமுறை ஓட்டங்களை நிறுத்திவிடும். இது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் விதி. நின்று போனது. நான் கவனிக்கவில்லை. கடைசியாக ஓடியபோது விழுந்த பச்சை அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

2023 அக்டோபர் 2 அன்று 3.12 வந்தது. அதில் புதிதாக உருவாக்கும் சூழல்களில் செட்டப்டூல்ஸ் என்ற பேக்கேஜ் தானாக வராது. என் பேக்கேஜ் பின்னங்களின் அட்டவணைக் கோப்பைப் படிக்க பிகேஜி-ரிசோர்சஸ் என்ற பழைய வழியைப் பயன்படுத்தியது; அது செட்டப்டூல்ஸோடு வருவது. ஆகவே 3.12-ல் இம்போர்ட் செய்த முதல் வரியிலேயே, அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்று விழுந்தது. இந்த வழி காலாவதியாகிறது என்ற எச்சரிக்கை 2023 தொடக்கத்திலிருந்தே டெஸ்ட் ஓடும்போதெல்லாம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை, ஏனென்றால் எச்சரிக்கைகள் திரையை அடைக்கின்றன என்று எல்லாவற்றையும் அடக்கும் ஒரு வரியை டெஸ்ட் அமைப்பில் முன்பு நானே போட்டிருந்தேன். பைத்தானோடு சேர்ந்தே வரும் மாற்று வழி 3.7-லிருந்தே இருந்தது.

இந்த முறை சேதம் குறைவு. இம்போர்ட்டே ஆகாமல் விழுந்ததால் யாருக்கும் தப்பான எண் கிடைக்கவில்லை. ஒரே நாளில் பலர் வந்து சொல்லிவிட்டார்கள். சத்தம் போட்டு உடைவது எவ்வளவோ மேல் என்று அப்போது பட்டது. ஆனால் அது என் கவனத்தால் வந்த நன்மை இல்லை.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். எச்சரிக்கைகளை அடக்கிய வரியை எடுத்துவிட்டு, காலாவதி எச்சரிக்கை வந்தால் டெஸ்ட்டே தோற்கும்படி மாற்றியிருக்கிறேன். முன்னோட்டப் பதிப்பு ஓட்டம் தோற்றாலும் ரிலீஸைத் தடுக்காது, ஆனால் சிவப்பு சிவப்பாகவே தெரியும். டாக்ஸ் என்ற கருவியை என் கணினியில் பயன்படுத்துகிறேன். அதில், கேட்ட பைத்தான் பதிப்பு கணினியில் இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடு என்று ஓர் அமைப்பு உண்டு. அதை வைத்திருந்தால் ஓடாத பதிப்புகளைத் தாண்டிவிட்டுக் கடைசியில் வாழ்த்துச் சொல்லும். அதையும் நிறுத்திவிட்டேன். பதிப்பு இல்லை என்றால் இல்லை என்று தோற்கட்டும். ஒவ்வொரு ரிலீஸுக்குப் பிறகும், பட்டியலில் உள்ள எல்லாப் பைத்தானிலும் பைபிஐயிலிருந்து பேக்கேஜைப் புதிதாக நிறுவி, வந்து சேர்ந்த ரிலீஸ் எண் நான் வெளியிட்டதுதானா என்று சரிபார்க்கும் ஒரு சின்ன டெஸ்ட் இருக்கிறது. எனக்கு மிக அவசியமாகத் தோன்றுவது இதுதான். நிரல் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, சரியான நிரல் அவர்கள் கைக்குப் போகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த மாணவிக்கும் எழுதினேன். நீங்கள் அனுப்பியது சரியான திருத்தம், நான் புரிந்துகொள்ளாமல் ஒதுக்கினேன், அதனால் இன்ன விளைவு ஏற்பட்டது என்று. பதில் இல்லை. அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், அல்லது பதில் எழுத மனம் இல்லாமல் இருக்கலாம். இரண்டும் அவர் உரிமை. ரிலீஸ் குறிப்பில் திருத்தத்துக்கு எதிரே அவர் பெயர் இருக்கிறது. "சோதனை நடந்துகொண்டிருக்கிறது" என்று நான் எழுதியதை அழிக்காமல், அது உண்மையில்லை என்று அதற்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன்.

சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. 2021 டிசம்பருக்கும் 2022 ஆகஸ்டுக்கும் இடையில் 3.10-ல் இதை நிறுவியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. பைபிஐ எத்தனை முறை இறக்கப்பட்டது என்று சொல்லும். யார் என்று சொல்லாது. அவர்களில் யாராவது கீழ் குறி உள்ள கணக்கை மாற்றி, ஒரு கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ சேர்த்திருக்கலாம். ஆகவே பேக்கேஜின் பக்கத்தில் முதல் பத்தியாக இதைப் போட்டிருக்கிறேன்: அந்த மாதங்களில் பைத்தான் 3.10-ல் நிறுவியிருந்தால், கீழ் குறி வரும் ஒவ்வொரு வரியையும் புது ரிலீஸில் மறுபடி ஓட்டுங்கள். பழைய விடையில் ஒரு நிலம் அரை வேலியோ கால் வேலியோ கூடுதலாகத் தெரிந்தால், உங்கள் வாசிப்பைச் சந்தேகப்படுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள், நானே உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.